வெளிநாட்டுப் பணம் உள்ள வந்தா கடன் ஏறுது சரி, அடி மட்டும் ஏன் எப்பவும் கீழ இருக்கறவனுக்கே விழுது?

தவணைக்காரன்

ரொம்ப நாளா மண்டையக் குடையுற விஷயம், தெரிஞ்சவங்க யாராச்சும் விளக்குங்க. மூலதனத்த எல்லை தாண்டி தாராளமா போக வர விட்டா பணக்கார நாட்டுல சும்மா கிடக்கற பணம் ஏழை நாட்டுக்கு வரும், வட்டி குறையும், தொழில் வளரும், சம்பளம் ஏறும்னு தான் காலேஜ்ல படிச்சோம். ஆனா நடந்தத வரிசையா வச்சு பாருங்க. லத்தீன் அமெரிக்கா 1982, மெக்சிகோ மறுபடியும் 1994, தாய்லாந்து இந்தோனேசியா கொரியா 1997, ரஷ்யா 1998, அர்ஜென்டினா 2001, ஐஸ்லாந்து 2008, கிரீஸ் 2010, இலங்கை 2022. எல்லாத்துலயும் பணம் வெள்ளமா வருது, எல்லாரும் கடன் வாங்கறாங்க, ஒரு நாள் அந்தப் பணம் திரும்பி ஓடுது, அப்புறம் வேலை போறதும் பென்ஷன் வெட்டுறதும் விலைவாசி ஏறுறதும்.

என் கேள்வி என்னன்னா கடன் பெருகுறது ஒரு விஷயம், ஏற்றத்தாழ்வு பெருகுறது இன்னொரு விஷயம். ரெண்டும் தற்செயலா ஒரே நேரத்துல நடக்குதா, இல்ல ஒரே இடத்துலருந்து தான் ரெண்டும் வருதா?

அரைக்கிறுக்கன்

இதுல விளக்க என்ன இருக்கு. கடன் வாங்குனது அந்தந்த நாட்டு அரசு, தின்னது அரசியல்வாதி, இப்ப உலகமயமாக்கல்னு பழிபோட ஒரு பேரு. கடன் கொடுத்தவன் துப்பாக்கிய வச்சா கொடுத்தான்? வாங்கறப்ப இனிச்சுச்சுல்ல.

பழைய_ட்ரெஷரி

//கடன் வாங்குனது அந்தந்த நாட்டு அரசு//

தம்பி, பாதி சரி. நான் ஒரு பேங்க்ல ட்ரெஷரி பக்கம் இருந்தவன், அதனால கடன் பத்திரத்தோட எந்த வரில என்ன எழுதியிருக்குன்னு பாக்குறது பழக்கம். நீங்க சொன்ன அத்தனை கதையிலயும் ரெண்டே ரெண்டு விஷயத்த தேடுங்க. கடன் எந்த கரன்சில? வட்டி நிலையானதா, மாறுறதா?

1973ல எண்ணெய் விலை ஏறுனதுக்கு அப்புறம் வளைகுடா நாட்டுப் பணம் லண்டன், நியூயார்க் பேங்குகள்ல வந்து குமிஞ்சுது. அத சும்மா வச்சிருக்க முடியாது, டெபாசிட்டுக்கு வட்டி கொடுக்கணும். அதனால பேங்குக்காரங்களே மெக்சிகோ, பிரேசில், அர்ஜென்டினான்னு ப்ளேன் ஏறிப் போய் கடன் வித்தாங்க. டாலர்ல கடன், மாறும் வட்டி. அன்னைக்கு இருந்த பணவீக்கத்துக்கு அந்த வட்டி ஒண்ணுமே இல்லன்னு தான் தெரிஞ்சுது. அப்புறம் 1979ல பால் வோல்க்கர் அமெரிக்க மத்திய வங்கிக்கு தலைவரா வந்தார், அவங்க ஊரு பணவீக்கத்த அடக்க வட்டிய ஏத்துனார், அது 20 சதவீதம் வரைக்கும் போச்சு. புதுசா ஒரு பைசா கடன் வாங்கலன்னாலும், ஏற்கனவே வாங்குன கடனுக்கே வட்டி பில்லு தாறுமாறா ஏறிடுச்சு, அதே சமயத்துல உலக மந்தத்துல அவங்க ஏற்றுமதி விலையும் விழுந்துச்சு. 1982 ஆகஸ்ட்ல மெக்சிகோ கைய விரிச்சிடுச்சு.

அடுத்து நடந்தது தான் முக்கியம். அமெரிக்காவோட பெரிய பேங்குகள் லத்தீன் அமெரிக்காவுக்கு கொடுத்த கடன் அவங்க சொந்த மூலதனத்த விட அதிகம். அதனால கடன உடனே தள்ளுபடி பண்ணா நியூயார்க்ல பேங்கு திவாலாகும். என்ன பண்ணாங்க? பழைய கடன கட்ட புது கடன், அதுக்கு சர்வதேச நாணய நிதியத்தோட (ஐஎம்எஃப்) கண்டிஷன், இப்படியே ஏழு வருஷம் இழுத்தாங்க. நிஜமான தள்ளுபடி, 1989ல அமெரிக்க நிதியமைச்சர் பிரேடியோட திட்டம் வந்து, பழைய கடன குறைச்சு புது பாண்டா, அதாவது கடன் பத்திரமா, மாத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தான். அந்த ஏழு வருஷம் பேங்குகளுக்கு மூலதனம் சேத்துக்க கிடைச்ச அவகாசம், அந்த நாட்டு மக்களுக்கு அது இழந்த பத்தாண்டு.

இப்ப தவணைக்காரன் கேட்டதுக்கு வரேன். அந்த வருஷங்கள்ல மெக்சிகோவுக்குள்ள டாலர் கடனா வந்துட்டே இருந்தப்ப, அதே மெக்சிகோலருந்து பணக்காரங்க டாலர வாங்கி வெளிய அனுப்பிட்டே இருந்தாங்க. கடன் நாட்டு பேர்ல, சொத்து ஆளு பேர்ல. மெக்சிகோ நாணயம் பேசோ விழுந்தப்ப கடன் பேசோ கணக்குல பல மடங்காச்சு, வெளிய வச்சிருந்தவனோட சொத்தும் பேசோ கணக்குல பல மடங்காச்சு. கடன கட்டுறது வரியிலயும் மானிய வெட்டுலயும். சொத்து யாருக்கும் தெரியாம பத்திரமா இருக்கு. உங்க கேள்விக்கு என் பதில், ரெண்டும் ஒரே இடத்துலருந்து தான் வருது, நாணயம் விழுற அந்த ஒரு நாள்ல.

சும்மாபடிக்கிறவன்

அண்ணே இத அரசு கடன்ல புரியுது. தனியாள் வாங்குன கடன்ல எப்படி? சாதாரண ஆளு எங்க போய் வெளிநாட்டு கரன்சில கடன் வாங்கப் போறான்.

பழைய_ட்ரெஷரி

வாங்குனான். ஹங்கேரில 2008க்கு முன்னாடி வீட்டுக்கடன் பெரும்பாலும் ஸ்விஸ் ஃப்ராங்க் கணக்குல தான் போச்சு. உள்ளூர் ஃபோரின்ட்ல வாங்குனா வட்டி இரட்டை இலக்கம், ஃப்ராங்க்ல வாங்குனா அதுல பாதி. கொடுத்தது பெரும்பாலும் வெளிநாட்டு பேங்குகளோட உள்ளூர் கிளைகள். டீச்சர், டிரைவர், நர்ஸ் எல்லாரும் கரன்சி ஸ்பெக்குலேட்டர் ஆயிட்டாங்க, அவங்களுக்கே தெரியாம.

கணக்கு போட்டு பாருங்க. 2008 கோடையில ஒரு ஃப்ராங்க் கிட்டத்தட்ட 145 ஃபோரின்ட். அன்னைக்கு 1 கோடி ஃபோரின்ட் வீட்டுக்கடன் எடுத்தவன் பேர்ல சுமார் 69,000 ஃப்ராங்க் எழுதப்படுது. 2011 கடைசியில ஃப்ராங்க் 240க்கு மேல. அதே 69,000 ஃப்ராங்க் இப்ப 1 கோடியே 65 லட்சம் ஃபோரின்ட். கட்டுன அசல கழிச்சுக்கோங்க, ஆரம்ப வருஷங்கள்ல அது பெருசா இருக்காது. மூணு வருஷம் ஒழுங்கா தவணை கட்டியும் கடன் வாங்குன அன்னைக்கு இருந்தத விட இப்ப பாக்கி ஜாஸ்தி. வீட்டு விலை வேற விழுந்து போச்சு, வித்தாலும் கடன் அடையாது.

இப்ப அரசு உதவிக்கு வருது. 2011ல ஒரு சட்டம் போட்டாங்க, ஃப்ராங்க 180ன்னு வச்சு கடன அடைச்சுக்கலாம், மிச்ச நஷ்டம் பேங்கோடது. கேக்க அருமையா இருக்குல்ல? கண்டிஷன் என்னன்னா கடன் முழுசையும் ஒரே தடவையில கட்டணும், சில மாசத்துக்குள்ள. நம்ம கணக்குல 1 கோடியே 24 லட்சம் ரொக்கமா கையில வேணும். யாரு கையில அவ்ளோ இருக்கும்? சேமிப்பு இருந்தவன், சொந்தக்காரன்கிட்ட புரட்ட முடிஞ்சவன், வேற பேங்குல ஃபோரின்ட் கடன் கிடைக்கற அளவுக்கு வருமானம் இருந்தவன். அவனுக்கு ஒரே கையெழுத்துல 40 லட்சம் மிச்சம். தவணையே கட்ட முடியாம தவிச்சவனுக்கு அந்த சட்டத்துல கிடைச்சது பூஜ்யம். மிச்சம் இருந்தவங்க கடன 2014 கடைசியில கட்டாயமா ஃபோரின்ட்டுக்கு மாத்துனாங்க, சுமார் 256 ரேட்டுல.

நெருக்கடி மட்டும் இல்ல, நெருக்கடிக்கு கொடுக்கற மருந்து கூட ஏற்கனவே தெம்பா இருக்கறவனுக்கு தான் முதல்ல போய் சேருது. இத நான் பாத்த எல்லா கதையிலயும் பாக்குறேன்.

அரைக்கிறுக்கன்

ஒரு விஷயம் விட்டுட்டீங்க. 2014ல மாத்துனது நல்லதா தான் போச்சு, 2015 ஜனவரில ஸ்விஸ் மத்திய வங்கி யூரோவுக்கு எதிரா வச்சிருந்த வரம்ப தூக்குனதும் ஃப்ராங்க் ஒரே நாள்ல எகிறுச்சு. போலந்துக்காரன் மாட்டிக்கிட்டான், ஹங்கேரிக்காரன் தப்பிச்சான். அரசு தலையிட்டா எல்லாம் நாசம்னு நான் சொல்லல, உங்க கதையில எப்பவும் வில்லன் மட்டுமே வராங்க அதான்.

வடக்குவாசல்

அர்ஜென்டினாவ யாரும் விரிவா பேசலயே. எனக்கு தெரிஞ்சு இதுக்கு அத விட பச்சையான உதாரணம் கிடையாது.

பத்து வருஷம் ஒரு பேசோ ஒரு டாலர்னு கட்டி வச்சிருந்தாங்க. 2001 முழுக்க பெரிய பணம் வெளிய போய்ட்டே இருந்துச்சு, யாருக்கு தெரியுமோ யாருக்கு மியாமில கணக்கு இருக்கோ அவங்க பணம். டிசம்பர் ஆரம்பத்துல கதவ சாத்துனாங்க, வாரத்துக்கு 250 பேசோ தான் எடுக்கலாம்னு. அப்ப உள்ள மாட்டுனது யாரு? வாழ்நாள் சேமிப்ப உள்ளூர் பேங்குல வச்சிருந்த நடுத்தர ஆளும், பேங்கு கணக்கே இல்லாம கை ரொக்கத்துல ஓடுற கூலிக்காரனும். ரொக்கமே புழங்கலன்னா கூலிக்காரனுக்கு அன்னைக்கு வேலையே கிடையாது, இத பொருளாதார பேப்பர்ல எல்லாம் அதிகமா எழுத மாட்டாங்க.

அடுத்த கூத்து 2002 ஆரம்பத்துல. டாலர் கணக்குல இருந்த கடன்கள ஒண்ணுக்கு ஒண்ணுன்னு பேசோவா மாத்துனாங்க, டெபாசிட்ட 1க்கு 1.40ன்னு மாத்துனாங்க. வெளிய சந்தையில டாலர் சில மாசத்துல 3 பேசோவ தாண்டிடுச்சு. யோசிங்க, 10 லட்சம் டாலர் பேங்கு கடன் வாங்கி வச்சிருந்த கம்பெனி, அதே நேரம் டாலர வெளிய பதுக்கி வச்சிருக்கு. மூணுல ஒரு பங்கு டாலர உள்ள கொண்டு வந்தா மொத்த கடனும் க்ளோஸ். டெபாசிட் போட்டவனுக்கு டாலருக்கு பாதி கூட தேறல. நடுவுல இருக்கற ஓட்டைய அரசு பாண்டு அடிச்சு பேங்குக்கு கொடுத்துச்சு, அதாவது அதுவும் கடன், அதுவும் பொதுமக்கள் பேர்ல. 2002ல அந்த நாட்டுல பாதிக்கு மேல வறுமைக்கோட்டுக்கு கீழ.

சட்டமா பாத்தா சிறு கடன்காரன காப்பாத்த போட்டது. சின்ன வீட்டுக்கடன்காரனுக்கு உதவுச்சு தான். ஆனா ரூபாய் கணக்குல, சே டாலர் கணக்குல பாத்தா பெரிய லாபம் பெரிய கடன்காரனுக்கு.

மல்லிகா_ஈகோ

நல்ல இழை. ஒரு கோணம் சேக்கறேன், நெருக்கடி வராத நேரத்துல கூட இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மாசாந்திர செலவு இருக்கு, அத யாரும் கவனிக்கறதில்ல.

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயம் பாட்ட டாலரோட கட்டி வச்சிருந்தத கைவிட்டுச்சு, டாலருக்கு 25ஆ இருந்தது ஆறு மாசத்துல 50 தாண்டுச்சு. இந்தோனேசியா ரூப்பியா 2,400 பக்கத்துலருந்து 15,000க்கு மேல போச்சு. இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ ஐஎம்எஃப் கண்டிஷனுக்கு கையெழுத்து போடுறப்ப ஐஎம்எஃப் தலைவர் கமதெசு கைய கட்டிக்கிட்டு பின்னாடி நின்ன போட்டோ ஆசியா முழுக்க எல்லார் மனசுலயும் ஒட்டிக்கிச்சு. இனி அந்த வாசல்ல போய் நிக்கவே கூடாதுன்னு எல்லா நாடும் டாலர் ரிசர்வ, அதாவது கையிருப்ப, குவிக்க ஆரம்பிச்சாங்க. சீனாவோடது மட்டும் 2014ல கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி டாலர்.

ரிசர்வ்னா என்ன? பெரும்பாலும் அமெரிக்க அரசு பாண்டு. அதாவது வளர்ற நாடு அமெரிக்காவுக்கு குறைஞ்ச வட்டிக்கு கடன் கொடுக்குது, அதே நாட்டோட அரசும் கம்பெனியும் வெளிய அத விட ரொம்ப கூடுதல் வட்டிக்கு கடன் வாங்குது. நடுவுல இருக்கற வித்தியாசம் வருஷா வருஷம் போகுது. பொருளாதார அறிஞர் ராபர்ட் லூக்காஸ் 1990லயே கேட்டாரு, பணம் ஏன் பணக்கார நாட்டுலருந்து ஏழை நாட்டுக்கு பாயலன்னு. 2000க்கு அப்புறம் நிகர கணக்குல அது மேல் நோக்கி பாய்ஞ்சுது.

அந்த ரிசர்வ் செலவு ஸ்கூல்லயும் ஆஸ்பத்திரிலயும் தெரியாது, ஆனா அங்கருந்து தான் வருது. ஐநாவோட வர்த்தக அமைப்பு அங்க்டாட் 2023ல சொன்ன கணக்கு, 330 கோடி பேர் வாழுற நாடுகள்ல அரசு வட்டிக்கு செலவு பண்றது கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவு பண்றத விட அதிகம்.

சும்மாபடிக்கிறவன்

அப்ப பணக்கார நாட்டு ஜனங்களுக்கு இதுல லாபம் தானே மேடம்? குறைஞ்ச வட்டில கடன் கிடைக்குதே அவங்களுக்கு.

மல்லிகா_ஈகோ

கடன் கிடைச்சுது. லாபமான்னு கேட்டா வேற கதை. அமெரிக்கால கீழ்பாதி ஆளுங்களோட நிஜ சம்பளம் பல வருஷமா பெருசா நகரல, மேல இருக்கற ஒரு சதவீதத்தோட பங்கு ஏறிட்டே போச்சு. மேல இருக்கறவன் முழுசையும் செலவு பண்ண முடியாது, சேமிக்கறான், அந்த சேமிப்பு எங்கயாச்சும் கடனா போய் தானே ஆகணும். அதிஃப் மியான், லுட்விக் ஸ்ட்ராப், அமீர் சூஃபி மூணு பேரும் இத தான் தோண்டி எடுத்தாங்க, மேல்தட்டோட சேமிப்பு ஒரு பெரிய பகுதி கீழ்த்தட்டோட வீட்டுக்கடனாவும் அரசு கடனாவும் மாறியிருக்குன்னு. அதோட ஆசியாவோட ரிசர்வ் பணமும் எண்ணெய் பணமும் சேந்துச்சு. சம்பளம் ஏத்தாம கடன் கொடுத்து சமாளிச்சாங்கன்னு ரகுராம் ராஜன் 2010ல சொன்னதும் கிட்டத்தட்ட இதே தான்.

அந்த வீட்டுக்கடன துண்டு துண்டா வெட்டி, ஒட்டி, உலகம் பூரா வித்தாங்க. நார்வேல நார்விக்னு ஒரு சின்ன ஊரு, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்க. அந்த முனிசிபாலிட்டியும் பக்கத்து சில ஊருகளும் நீர்மின்சாரத்துலருந்து வரப்போற வருமானத்த அடமானமா வச்சு கடன் வாங்கி, அமெரிக்க கடன் சந்தையோட கட்டுன ஒரு சிக்கலான பத்திரத்துல போட்டாங்க. 2007ல காசு காலி. ஃப்ளோரிடால ஒருத்தன் தவணை கட்டலன்னா நார்வேல ஸ்கூலுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் வெட்டு. இடர் பரவுச்சுன்னா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா போய் லேசாகும்னு சொன்னாங்க, கடைசியில புரியாதவன் கையில தான் போய் தேங்குச்சு.

அரைக்கிறுக்கன்

சரி சரி, எல்லாரும் ஒரே பக்கமா நின்னு கும்மி அடிக்கறீங்க, நான் மறுபக்கம் வரேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

1990ல உலகத்துல மூணுல ஒருத்தருக்கு மேல பரம ஏழை, இப்ப பத்துல ஒருத்தர் அளவுக்கு வந்திருக்கு. நாட்டுக்கு நாடு இருந்த ஏற்றத்தாழ்வு 200 வருஷத்துல முதல் தடவையா குறைஞ்சிருக்கு, ஏற்றத்தாழ்வ ஆராயுற பொருளாதார அறிஞர் பிராங்கோ மிலானோவிச்சே இத சொல்றாரு, அவர் ஒண்ணும் முதலாளி ஆள் கிடையாது. இதெல்லாம் கதவ சாத்தி வச்சிருந்தா நடந்திருக்குமா?

ரெண்டாவது, கட்டுப்பாடு போட்டா ஏழை பொழச்சிடுவான்னு ஒரு நெனப்பு. 1998 செப்டம்பர்ல மலேசியால பிரதமர் மகாதீர் மூலதனத்துக்கு பூட்டு போட்டாரு, ரிங்கிட்ட டாலருக்கு 3.80ல நிறுத்துனாரு, எல்லாரும் கை தட்டுனீங்க. சைமன் ஜான்சனும் டாட் மிட்டனும் ஷேர் விலைய வச்சு பாத்தாங்க, பூட்டு போட்டதும் நல்லா ஏறுனது மகாதீருக்கு நெருக்கமான கம்பெனிங்க. சிலில 1991லருந்து 98 வரைக்கும் உள்ள வர்ற பணத்துல ஒரு பங்க வட்டி இல்லாம மத்திய வங்கில ஒரு வருஷம் போட்டு வைக்கணும்னு விதி. கிறிஸ்டின் ஃபோர்ப்ஸ் ஆராய்ச்சி பண்ணா, சின்ன கம்பெனிக்கு தான் கடன் கிடைக்கறது கஷ்டமாச்சுன்னு தெரிஞ்சுது, பெரிய கம்பெனி எப்படியோ வழி கண்டுபிடிச்சுடுச்சு. கதவு தொறந்தாலும் சாத்துனாலும் பெரிய ஆளுக்கு பின்வாசல் ஒண்ணு இருக்கு. அப்ப கதவ குத்தம் சொல்லி என்ன புண்ணியம்?

பழைய_ட்ரெஷரி

இப்ப தான் தம்பி சண்டைக்கு ருசி வருது. ரெண்டாவது பாயிண்ட்ட நான் அப்படியே ஒத்துக்கறேன். கட்டுப்பாடு காலத்துல இன்வாய்ஸ்ல விலைய கூட்டி குறைச்சு எழுதி டாலர வெளிய தள்ளுற வித்தைய ட்ரெஷரில உக்காந்து பாத்தவன் நான், லைசென்ஸ் வச்சிருந்தவனுக்கு அது பொன் முட்டை.

ஆனா முதல் பாயிண்ட்ல ஒரு கையாடல் இருக்கு. வறுமை குறைஞ்சதுல பெரும் பங்கு சீனா. சீனா வர்த்தகத்த தொறந்துச்சு, ஃபேக்டரி போட வர்ற பணத்த வரவேத்துச்சு. ராத்திரி வந்து காலைல போற ஹாட் மணிக்கு கதவ சாத்தியே வச்சிருந்துச்சு. ஃபேக்டரி போட்டவன் நெருக்கடி வந்தா மெஷின தலையில தூக்கிட்டு ஓட முடியாது. மூணு மாச டாலர் கடன் கொடுத்தவன் புதுப்பிக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், 1997 கடைசியில கொரியாவுக்கு நடந்தது அதான். ரெண்டையும் ஒரே பேர்ல உலகமயமாக்கல்னு கட்டி வச்சு, முதலாவதோட புண்ணியத்த ரெண்டாவதுக்கு எழுதுறது நியாயம் இல்ல.

இத நான் சொல்லல, ஐஎம்எஃப்லயே 2016ல ஆஸ்ட்ரி, லௌங்கானி, ஃபுர்செரின்னு மூணு பேர் எழுதுனாங்க. 1980லருந்து 50க்கு மேற்பட்ட வளரும் நாடுகள்ல சுமார் 150 தடவ வெளிநாட்டுப் பணம் வெள்ளமா வந்திருக்கு, அதுல கிட்டத்தட்ட 20 சதவீதம் நிதி நெருக்கடில போய் முடிஞ்சிருக்கு. மூலதனக் கணக்க, அதாவது முதலீட்டுப் பணம் எல்லை தாண்டி போக வர்ற கதவ, தொறந்து விட்டதுக்கு அப்புறம் ஏற்றத்தாழ்வு ஏறுனதும் அதுல இருக்கு. 1997ல கதவ தொறன்னு கட்டாயப்படுத்துன அதே ஐஎம்எஃப், 2012ல சில சூழ்நிலையில கட்டுப்பாடு சரி தான்னு எழுத்துல ஒத்துக்கிச்சு. பதினஞ்சு வருஷம் லேட்டு, பரவால்ல.

தவணைக்காரன்

இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல, நன்றி எல்லாருக்கும். இன்னொரு சந்தேகம். கடன் கொடுத்தவனுக்கும் நஷ்டம் வருதுல்ல? ஹேர்கட்னு சொல்லி பாதி பணம் போகுதே, அப்ப அவனும் தானே சுமக்கறான்.

வடக்குவாசல்

எந்த கடன் கொடுத்தவன்னு பாக்கணும். நெருக்கடி வாசனை வந்ததும் முதல்ல இருந்த ஆளு பாண்ட வித்துட்டு போயிடுவான், 100 ரூபா பாண்ட 20க்கு வாங்குறவன் தான் கோர்ட்டுக்கு வருவான்.

1979ல ருமேனியா ஜாம்பியாவுக்கு டிராக்டர் வாங்க கடன் கொடுத்துச்சு. ஜாம்பியாவால கட்ட முடியல. 1999ல ஒரு ஃபண்டு அந்த கடன சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி, ஜாம்பியா மேல 5.5 கோடி டாலருக்கு லண்டன்ல கேஸ் போட்டுச்சு. 2007ல ஏறக்குறைய 1.55 கோடி டாலர் கொடுக்கணும்னு தீர்ப்பு. ஜாம்பியாவுக்கு மத்த நாடுகள் கடன் தள்ளுபடி பண்ணி கொஞ்சம் மூச்சு விட்ட நேரம் அது. தள்ளுபடி பண்ணவன் காசு இன்னொருத்தன் பாக்கெட்டுக்கு போச்சு.

அர்ஜென்டினா கேஸ் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 93 சதவீதம் பேர் டாலருக்கு 30 சென்ட் பக்கம் வாங்கிட்டு ஒத்துக்கிட்டாங்க, மிச்சம் இருந்தவங்க நியூயார்க் கோர்ட்டுல நின்னாங்க. 2012 அக்டோபர்ல அர்ஜென்டினா கடற்படையோட பயிற்சிக் கப்பல் லிபர்தாத் கானாவுல தேமா துறைமுகத்துக்கு போனப்ப அதையே ஜப்தி பண்ணி நிறுத்திட்டாங்க. சர்வதேச கடல் சட்ட தீர்ப்பாயம் சொல்லி டிசம்பர்ல தான் விட்டாங்க. கடைசியில 2016ல பேச்சுவார்த்த முடிஞ்சு, முன்னணில நின்ன ஃபண்டுக்கு மட்டும் 200 கோடி டாலருக்கு மேல போச்சு. ஒத்துக்கிட்டவன் ஏமாளி, முரண்டு பிடிச்சவன் புத்திசாலின்னு ஆச்சு.

மல்லிகா_ஈகோ

இலங்கைய பாருங்க, இது இன்னும் கிட்டத்துல நடந்தது. 2007ல முதல் சர்வதேச பாண்டு 50 கோடி டாலருக்கு, அப்புறம் வரிசையா. 2022 ஜனவரில எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாத நேரத்துல 50 கோடி டாலர் பாண்டு ஒண்ண முழுசா கட்டுனாங்க. ஏப்ரல் 12ல கட்ட முடியாதுன்னு அறிவிப்பு. மூணு மாசம் முன்னாடி முதிர்ந்த பாண்டு வச்சிருந்தவனுக்கு முழு காசு, அடுத்தவனுக்கு வெட்டு. அந்த 50 கோடிக்கு எத்தனை கப்பல் மருந்து வந்திருக்கும்.

அதுக்கப்புறம் 2023ல உள்நாட்டு கடன் மறுசீரமைப்பு. பேங்குகள் வச்சிருந்த அரசு பாண்ட தொடல, தொட்டா பேங்கு ஆட்டம் காணும்னு காரணம். யார் மேல வச்சாங்க? ஊழியர் சேமலாப நிதி மாதிரி ஓய்வூதிய நிதிகள் மேல. பழைய பாண்ட கொடுத்துட்டு குறைஞ்ச வட்டி நீண்ட கால பாண்டு வாங்கிக்கணும், மாட்டேன்னா வருமானத்துக்கு 14 சதவீதத்துக்கு பதிலா 30 சதவீதம் வரி. விலைவாசி 2022ல உச்சத்துல 70 சதவீதம் பக்கம் ஏறி அந்த சேமிப்ப ஏற்கனவே பாதி தின்னுடுச்சு, இதுல இது வேற. பேங்கு விழுந்தா எல்லாருக்கும் கஷ்டம்ங்கறது பொய் இல்ல. ஆனா சேமலாப நிதில இருக்கற ஆளுக்கு தன் பணத்த தூக்கிட்டு வேற இடம் போற வழியே கிடையாது, அதனால தான் அவர் மேல வைக்க முடிஞ்சுது.

வரியிலயும் இதே தான். ஓட முடிஞ்ச மூலதனத்துக்கு வரி குறைஞ்சுட்டே வந்திருக்கு, 1980ல உலக சராசரி கம்பெனி வரி 40 சதவீதம் பக்கம், இப்ப 25க்கும் கீழ. ஓட முடியாத சம்பளத்துக்கும் நுகர்வுக்கும் பாரம் ஏறுது. உலகக் குடும்பங்களோட நிதிச் சொத்துல ஏறத்தாழ 8 சதவீதம் வரியில்லா சொர்க்கங்கள்ல இருக்குன்னு கேப்ரியேல் சுக்மேன் மதிப்பிட்டாரு. 2021ல 15 சதவீதம் குறைந்தபட்ச வரின்னு 130க்கு மேற்பட்ட நாடுகள் கை குலுக்குனாங்க, அமலாகுற லட்சணத்த பாத்தா எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல.

சும்மாபடிக்கிறவன்

அப்ப என்ன தான் பண்றது? தொறந்தாலும் குத்தம், சாத்துனாலும் குத்தம்னு ஆச்சே.

பழைய_ட்ரெஷரி

கதவ விடுங்க, பத்திரத்த மாத்துங்கன்னு நான் சொல்வேன். டாலர்ல சம்பாதிக்காத ஆளுக்கு டாலர்ல வீட்டுக்கடன் கொடுக்கறத சட்டத்துலயே தடை பண்ணலாம், ஹங்கேரி 2010லயே கிட்டத்தட்ட அத செஞ்சுது, என்ன, வெள்ளம் தலைக்கு மேல போனதுக்கு அப்புறம் செஞ்சுது. குறுகிய கால வெளிக்கடனுக்கு மட்டும் செலவு கூட்டலாம், சிலில மொத்த பணம் பெருசா குறையல, ஆனா நீண்ட கால பணத்தோட பங்கு கூடுச்சு, அது போதும் எனக்கு. ஃபோர்ப்ஸ் சொன்ன சின்ன கம்பெனி பிரச்சனைக்கு உள்ளூர்லயே அவங்களுக்கு கடன் கிடைக்க வழி பண்ணனும், அது தனி வேலை.

இன்னொன்னு, நஷ்டத்துல பங்கு கடன் கொடுத்தவனுக்கும் இருக்கணும்னு முன்கூட்டியே எழுதிக்கலாம். கிரெனடா 2015ல கடன் மறுசீரமைப்பு பண்ணப்ப புயல் அடிச்சா தவணைய தள்ளிப் போடலாம்னு ஒரு விதி சேத்துச்சு. 2024 ஜூலைல பெரில் புயல் அடிச்சுது, அந்த விதிய எடுத்து பாண்டு தவணைய தள்ளி வச்சாங்க. கோர்ட்டும் இல்ல, கெஞ்சலும் இல்ல.

தவணைக்காரன்

இது எனக்கு புதுசு. அப்ப புயலுக்கு எழுத முடிஞ்சா, அமெரிக்கா வட்டி ஏத்துனாலும் தவணை தள்ளிப் போகும்னு எழுதலாமே? 82ல மெக்சிகோவ அடிச்சது அதானே.

அரைக்கிறுக்கன்

தாராளமா எழுதலாம், ஆனா முதல் நாளே அதுக்கு அரை சதவீதம் சேத்து வட்டி கேப்பான். அத கட்ட உங்க நிதியமைச்சர் சம்மதிப்பாரா? அடுத்த தேர்தலுக்குள்ள புயல் வராதுன்னு தான் அவர் கணக்கு போடுவாரு.

பழைய_ட்ரெஷரி

கேக்கட்டும் தம்பி. ஹங்கேரில அந்த டீச்சர்கிட்ட 2008ல ஃபோரின்ட் கடனுக்கு அஞ்சாறு சதவீதம் கூட கேட்டிருந்தாலும் கணக்கு போட்டு பாருங்க, 65 சதவீதம் ஏறுன அசல விட மலிவு.

அரைக்கிறுக்கன்

அந்த டீச்சருக்கு ஃபோரின்ட் ரேட்டுல கடனே கிடைச்சிருக்காது, தவணை சம்பளத்துக்குள்ள அடங்காது. வீடே வாங்கியிருக்க மாட்டாங்க. அது நல்லதா கெட்டதான்னு அவங்கள கேட்டா தான் தெரியும்.